இரண்டாம் மாடி ஜன்னலுக்கு ஒரு மூங்கில்

கணு என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. மூங்கில் நர்சரிக்கு வருகிறவர்களை நடைபாதையில் அழைத்துப் போய்ச் சுற்றிக்காட்டும்போது, "முதல்ல கணுவைப் பாருங்க. இலையைப் பாத்து மயங்கி மூங்கில் வாங்கக் கூடாது" என்று ஆளுக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். முதலாளியம்மா ஒருநாள் விளையாட்டாகக் கணு என்று கூப்பிட்டார், அதுவே ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் வீட்டில் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அதற்கு முன் அவர் ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவராக இருந்தார். வருகிறவர்களே பொத்தானை அமுக்கிக்கொள்ளும் புது லிஃப்ட் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினான்கு வருஷம் மேலும் கீழுமாகவே போய்வந்த மனிதர், முன்பக்கமாக நடக்கத் தொடங்கியது நர்சரிக்கு வந்த பிறகுதான். இதையும் அவரேதான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பேச்சு என்று வந்துவிட்டால் அவரை நிறுத்துவது கஷ்டம்.

நர்சரியில் நாற்பது வகை மூங்கில், மூன்று நடைபாதை. குட்டிப் பாதை குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு. நடுப்பாதை அவசரக்காரர்களுக்கு. நெடும்பாதை குளம் வரைக்கும் போகும். அதன் கடைசியில்தான் தாய்த்தூர், கன்று பிரித்தெடுக்கிற பெரிய மூங்கில் புதர், நின்றது. மெல்லிய கழிகள், நேரான வளர்த்தி, இலை சின்னது. காற்றே இல்லாத நாளில்கூட உச்சி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தத் தூரின் ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பி, கிழங்கைப் பிளந்து, தொட்டியில் வைத்துப் பிழைக்கவைப்பது அவர் வேலை. வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டார். பல் டாக்டர் வீட்டு வாசல், பள்ளிக்கூடத்து வேலி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு சந்து என்று அந்தத் தூரின் பிள்ளைகள் எங்கெங்கே நிற்கின்றன என்பது அவருக்கு மனப்பாடம். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே ஒன்று தெரிந்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரைத் தட்டிக் காட்டுவார். பாவம், அந்த ஆள் தூங்கிக்கொண்டிருப்பார்.

நாற்பது நாளைக்கு முன்னால் தாய்த்தூரின் ஒரு கிளையில் இலைக்குப் பதிலாக உமி மாதிரிக் கொத்துக் கொத்தாக ஏதோ தொங்குவதைப் பார்த்தார். மூங்கில் பூ.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று இருந்தது. தண்ணீர் பத்தாத தொட்டி மூங்கில் எப்போதாவது பயந்துபோய் ஒரு கிளையில் பூக்கும். அந்தக் கிளையை நறுக்கி, தண்ணீரும் எருவும் கொடுத்தால் தெளிந்துவிடும். அதையே இதற்கும் செய்தார். கேட் திறப்பதற்கு முன்பே ஏணியும் கத்தரியுமாகப் போய், பூத்த கிளைகளை எல்லாம் நறுக்கி, சாக்கில் அள்ளி உரக்குழியில் புதைத்தார். மறுநாள் பக்கத்துக் கிளையில் பூ. அதற்கு மறுநாள் இன்னும் நாலு கிளையில். நெடும்பாதையில் வேலை நடக்கிறது என்று ஒரு பலகையை மாட்டிவைத்தார். என்ன வேலை என்று முதலாளியம்மா கேட்டதற்கு, கல்லெல்லாம் பாசி பிடித்து வழுக்குகிறது என்று கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

பொய் சொன்ன அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் தாவரவியல் பேராசிரியருக்கு போன் போட்டார்.

"தூர் முழுக்க பூக்குதுன்னா அது தாகத்துல வந்த பூ இல்லைங்க. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது. பூத்து முடிஞ்சா காஞ்சிடும். வெட்டினா நிக்காது."

"உரம் கூட்டிப் போட்டா?"

"ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இதுலேர்ந்து பிரிச்சு வச்சது எங்க இருந்தாலும் இதோட சேர்ந்துதான் பூக்கும். சேர்ந்துதான் போகும். துண்டு போட்டதால அது வேற செடி ஆயிடாது, வயசு ஒண்ணுதான்."

முன்பாதியை நம்பினார். பின்பாதியை அவரால் நம்ப முடியவில்லை, நம்பவும் பிடிக்கவில்லை. தாய்த்தூரிலிருந்து பிரித்து நிழல்வலைக்குக் கீழே வைத்திருந்த தொட்டிகளைப் போய்ப் பார்த்தார். ஒன்றும் பூக்கவில்லை. படித்தவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பேசுகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுநாளும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த நம்பிக்கை பன்னிரண்டு நாள்தான் நின்றது. பதின்மூன்றாம் நாள் டிரைவர் மனைவி வந்தாள்.

டிரைவர் என்பவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். டிப்போவில் நடந்த ஒரு விபத்தில் கழுத்தெலும்பில் அடிபட்டு, பத்து வருஷத்துக்கு மேலாகப் படுத்த படுக்கை. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும், முகம் ஜன்னலைப் பார்த்தபடியே இருக்கும். இரண்டாம் மாடி வீடு. ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் பின்சுவர், அதில் மேலிருந்து கீழ்வரைக்கும் கழிவுக் குழாய். இரண்டு வருஷம் அந்தச் சுவரையே பார்த்துக் கிடந்தவர், ஒருநாள் மனைவியிடம், "என்னைக் குப்புறப் போட்டுடு, தரையையாவது பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் நர்சரிக்கு வந்தாள், ஒன்பது வருஷத்துக்கு முன்னால். கையில் ஒரு நூல் உருண்டை. ஜன்னலிலிருந்து தரைவரைக்கும் நூலைத் தொங்கவிட்டு, முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணா, இவ்வளவு உயரம் வர்ற மாதிரி ஒரு செடி வேணும். அசையணும். அதுதான் முக்கியம்."

கணு நூலை நடைபாதையில் நீட்டி அளந்தார். இருபத்தாறு அடி. யோசிக்கவே இல்லை, தாய்த்தூரிலிருந்து ஏழு தொட்டி எடுத்துக் கொடுத்தார். வார விடுமுறை அன்று அவரே போய், சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த இரண்டடி மண்ணில் நட்டுவிட்டு, மாடிக்கு ஏறி, "இது உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும் சார்" என்று படுத்திருந்தவரிடம் வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார். அவர் எல்லோரிடமும் சொல்கிற வாக்குதான். மூன்று வருஷம் கழித்து ஒருநாள் டிரைவரிடமிருந்து போன்: "கணு சார், வண்டி ஸ்டாண்டுக்கு வந்துடுச்சு!" ஜன்னலில் முதல் நுனி தெரிந்திருக்கிறது. அதிலிருந்து மாதம் ஒரு போன். இன்றைக்கு ரெண்டு குருவி, இன்றைக்கு மழையில் செம ஆட்டம் என்று ரூட்டு விவரம் சொல்வது போலச் சொல்வார். கணுவும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது டிரைவரின் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை நீட்டினாள்.

"அண்ணா, நம்ம மூங்கில் பூத்திருக்கு! அவர்தான் முதல்ல பாத்தாரு. பக்கத்து வீட்டு ஆளுங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டறாரு. நட்டவர் பாக்க வேணாமா, ஒரு கிளை ஒடிச்சுக்கிட்டுப் போன்னு ஒரே பிடிவாதம். வாசல்லயே குடுத்துட்டு ஓடிடலாம்னுதான் வந்தேன், அவரு தனியா இருக்காரு."

கணு தாளைப் பிரித்தார். அதே உமிக்கொத்து. பேராசிரியர் சொன்ன பின்பாதி அவர் உள்ளங்கையில் இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் என்கூட வாங்கம்மா" என்றார். வாயால் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

பலகையைத் தள்ளிவிட்டு நெடும்பாதையில் அழைத்துப் போனார். ஒன்பது வருஷத்தில் அவள் இந்தப் பக்கம் நடந்ததே இல்லை. வருவாள், உரம் வாங்குவாள், ஓடுவாள். இன்றைக்கு இருபக்கமும் நிழல் கவிந்த பாதையைப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவு இருக்கா உள்ள" என்று குழந்தை மாதிரித் தலையைத் திருப்பித் திருப்பி நடந்தாள். எப்போதும் வாய் ஓயாத கணு முன்னால் நடந்தார். கணுவைப் பாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

தாய்த்தூருக்குக் கீழே போய் நின்றார்கள். ஏணி எட்டிய உயரம்வரைக்கும் கிளைகள் சுத்தமாக நறுக்கப்பட்டு மொட்டையாக இருந்தன. அதற்கு மேலே, கத்தரி எட்டாத உயரத்தில், உச்சிவரைக்கும் ஒரே பழுப்பு. பச்சை என்று சொல்ல நாலு இலை இல்லை. நாற்பது நாளாகத் தினமும் கீழேயே பார்த்து வெட்டிக்கொண்டிருந்த மனிதர், தானும் அப்போதுதான் முழுசாக அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அண்ணா, இது காஞ்சிருக்கே?"

"பூத்தா இப்படித்தான்மா ஆகும். உங்க வீட்டுது இதோட துண்டுதான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஏதாவது மருந்து?" என்றாள்.

"இல்லைம்மா."

"சரி, வேற வகை குடுங்க. இப்பவே எடுத்துக்கிட்டுப் போறேன்."

"தர்றேன். ஆனா ஜன்னலுக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும். வளந்ததைத் தூக்கி வைக்கணும்னா கிரேன் வேணும், உங்க சந்துல ஒரு வண்டி நுழையாது." இதைச் சொல்லும்போது தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார், ஒன்றுக்கும் உதவவில்லை.

"இது எத்தனை நாள் நிக்கும்?"

"இலை ரெண்டு மாசத்துல கொட்டிடும். கழி காஞ்சு ஒரு வருஷம் நிக்கலாம். அப்புறம் வெட்டித்தான் ஆகணும், ஒடிஞ்சு விழுந்தா ஆபத்து."

"வெட்டினா திரும்ப அந்தச் சுவர்தான்" என்றவள், பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கணு பக்கத்தில் நின்றார். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். கேட்டதற்காக அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினாள், டிரைவர்தான். கணு ஹலோ என்றதுமே குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"கணு சார்! பூவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"எப்படி இருக்கு?"

"இவ்வளவு பூவை நான் என் ஆயுசுல பாத்ததில்லை சார்."

"அப்படிச் சொல்லுங்க! இவ நம்ப மாட்டேங்கறா, ஏதோ பதர் தொங்குதுங்கறா. காலைல வெயில் படறப்ப தங்கம் மாதிரி இருக்கு சார். கண்ணை மூடவே மனசு வரலை." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "அடுத்து எப்ப பூக்கும்?"

கணு அவளைப் பார்த்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், சொல்லாதீர்கள் என்பதுபோல.

"நாளாகும் சார். ரொம்ப நாளாகும்."

"ஆகட்டுமே. நான் எங்க போகப் போறேன்? இங்கதானே படுத்திருக்கேன். பொறுமையா பாத்துக்கறேன்."

"சரி சார்" என்றார் கணு.