வரிசையில் நின்ற இடி

போன வருடத்துக்கு முந்தின வருடம், புரட்டாசி மாதம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டில் நான், வாட்ச்மேன். அறை அறையாகச் சுற்றிவரும் போர்மேன். மருந்து கலக்கும் அண்ணன் தம்பி. திரி சொருகும் பெண்கள். டப்பாவில் அடைக்கும் பெண்கள். காயப்போடும் மேடையில் சில ஆண்கள். தண்ணீர் வண்டிக்காரர். அப்புறம் என் அறையில் ஒரு கம்ப்யூட்டர். அது ஆள் இல்லைதான். ஆனாலும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலாளியின் மகள் அங்கே இல்லை. போனில்தான் இருந்தார்.

நான் ஆறாவது வரை படித்தவன். புரிந்ததை எழுதுகிறேன். புரியாத இடத்தில் புரியவில்லை என்றே எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவோம். உள்ளே யாரிடமும் இருக்காது. வானத்தைப் பார்ப்பது என் வேலை. இடி இறங்கும் என்று பட்டால் சங்கு ஊதுவேன். சங்கு என்றால் மில்லில் ஊதுமே, அது. கம்பத்தில் கட்டியிருக்கும். சத்தம் கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் வேலிக்கு வெளியே ரோட்டோரக் கட்டிடத்துக்கு வந்துவிட வேண்டும். நான் தலை எண்ண வேண்டும். எண்ணியதும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். அதற்கப்புறம் மேகம் கலைகிறவரை உள்ளே கரண்ட் கிடையாது. மருந்து இருக்கிற இடத்தில் இடி விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

முதலாளியின் மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவர். சென்னையில் வேலை. சீசனுக்கு முன்னால் லீவில் வந்தார். எங்கே இடி இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி சேதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களாம். அந்தச் சேதி வந்தால் சங்கு தானாக ஊதுகிற மாதிரி செய்கிறேன் என்றார். இரண்டு நாள் என் அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன பாப்பா எழுதுறீக?"

"ஜாவாண்ணே."

"அது பைக்குல்ல?"

அவர் சிரித்த சிரிப்பில் போர்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இது எந்நேரமும் வேலை பார்க்காதுண்ணே. காத்துக்கிட்டு இருக்கும். சேதி வந்தா முழிக்கும், சங்கை ஊதும், மறுபடி காத்துக்கிட்டு இருக்கும். அம்புட்டுத்தான் அதோட வேலை."

"என் வேலையும் அதுதான். எனக்குச் சம்பளம் குடுக்கீக."

"உங்களைத் தூக்க மாட்டோம்ணே. இதுக்குத் தலை எண்ணத் தெரியாது."

அதற்குத்தான் ஒரு பச்சைப் பட்டன் வைத்தார். சங்கு ஊதும். நான் எண்ண வேண்டும். எல்லாரும் வெளியே வந்தாச்சு என்றால் பட்டனை அமுக்க வேண்டும். "நீங்க அமுக்குற வரைக்கும் அது அந்தச் சேதியை முடிச்சதா எடுத்துக்காது. அடுத்த சேதியைத் தொடாது" என்றார். நான் தலையாட்டினேன். என்ன புரிந்து ஆட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் வெயிலில் சங்கு ஊதியது. எல்லாரும் வெளியே வந்தோம். நான் பட்டனை அமுக்கி மெயினை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் இடி இடித்தது. பெண்கள் கம்ப்யூட்டர் பொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் அதற்கப்புறம் வானத்தை முன்னே மாதிரி பார்க்கவில்லை.

நான் முதலில் சொன்ன அந்தப் புரட்டாசி நாளுக்கு முந்தின சாயங்காலம். எல்லாரும் வேன் ஏறிப் போன பிறகு மேகம் கூடியது. மின்னல் தெரிந்ததும் மெயினை இறக்கினேன். அதுதான் சட்டம். கம்ப்யூட்டரும் அணைந்தது. ராத்திரி பூராவும் இடி. காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆட்கள் வந்து அறைகளுக்குப் போனார்கள். தண்ணீர் மோட்டார் போட வேண்டும் என்று மெயினை ஏற்றினேன். கம்ப்யூட்டர் முழித்தது.

உடனே சங்கு.

எல்லாரும் ஓடிவந்தார்கள். எண்ணினேன். சரியாக இருந்தது. பச்சைப் பட்டனை அமுக்கினேன். விரலை எடுக்கவில்லை, மறுபடி சங்கு. வானத்தைப் பார்த்தேன். ஒரு துண்டு மேகம் இல்லை. எல்லாரும் அங்கேயேதான் நின்றார்கள். இருந்தாலும் எண்ணினேன். அமுக்கினேன். மறுபடி சங்கு.

"அண்ணே, பொட்டிக்குப் பசிக்குது போல. ரெண்டு இட்டிலி குடுங்க" என்றாள் டப்பா அடைக்கிற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். திரி சொருகுகிற பெண்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு எண்ணிக்கைக் கூலி. நிற்கிற நேரம் நஷ்டம்.

போர்மேன் வந்து என் கையைப் பார்த்தார்.

"ஏய்யா, நீரு அமுக்குறதாலதான் ஊதுது. கையை எடும்."

அப்படித்தான் தெரிந்தது. அமுக்கினால் ஊதுகிறது. கையை எடுத்தேன். சங்கு ஊதி ஓய்ந்தது. அதற்கப்புறம் சத்தம் இல்லை.

"போங்க, போங்க. பொட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. சாயங்காலம் லோடு ஏத்தணும்" என்று போர்மேன் எல்லாரையும் உள்ளே விரட்டினார்.

ஆபீஸ் போனில் முதலாளியின் மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வீட்டில் கேட்டேன். எல்லாரும் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள். பொட்டி முன்னால் உட்கார்ந்தேன். எண்ணி முடித்தாயா என்று திரையில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பட்டனைத் தொடவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் அறைகளுக்குத் திரும்பிய பிறகு அவரே கூப்பிட்டார். பின்னால் கோயில் மேளம். நடந்ததைச் சொன்னேன்.

"நேத்து மெயினை இறக்குனீகளாண்ணே?"

"இடி இடிச்சுது. இறக்கினேன்."

"அதான். ராத்திரி வந்த சேதியெல்லாம் வரிசையில நிக்குது. சேதி வந்து நிக்கிற இடம் உங்க ரூம்ல இல்லண்ணே, வேற எடம். அங்க கரண்ட் போகாது. உங்க பொட்டி முழிச்சதும் ஒவ்வொண்ணா குடுக்குது."

"நேத்து இடியை இன்னைக்கு எதுக்குக் குடுக்கு?"

"அதுக்கு நேத்து இன்னைக்குத் தெரியாதுண்ணே. நான் அதைச் சொல்லிக் குடுக்கல. வந்தா ஊதும். நீங்க அமுக்கிக்கிட்டே இருங்க, தீர்ந்துரும்."

"சரி பாப்பா."

போனை வைக்கப் போனேன். அவர் வைக்கவில்லை.

"அண்ணே, காலையில இருந்து அமுக்கவே இல்லையா?"

"இல்ல. அமுக்குனா ஊதுது."

"அப்ப இன்னைக்கு ஏதும் சேதி வந்திருந்தா, அது எல்லாத்துக்கும் பின்னாடி நிக்கும்."

"நிக்கட்டும் பாப்பா. என்ன அவசரம்?"

"ஐயோ அண்ணே! அது நெசமான இடிண்ணே! வானம் எப்படி இருக்கு, பாருங்க!"

வெளியே போய்ப் பார்த்தேன். தலைக்கு மேலே வெள்ளை வெயில். மேற்கே மட்டும் கருத்திருந்தது. மேற்கே கருப்பது அந்த மாதத்தில் தினமும் உள்ளதுதான். பாதி நாள் அது எங்களிடம் வராது. வரும் என்று சொல்ல முடியாது. வராது என்றும் சொல்ல முடியாது. வந்து போனை எடுத்து அதையே சொன்னேன். "வெளிய கூட்டிட்டு வாங்கண்ணே" என்றார்.

பட்டனை அமுக்கினேன். சங்கு ஊதியது. ஒருவரும் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊதியது. மேடைப் பக்கமிருந்து யாரோ கை தட்டினார்கள்.

கேட்டை விட்டு நான் நகரக் கூடாது. நகர்ந்தேன்.

முதலில் திரி அறை. பெண்கள் நிமிரவில்லை.

"எந்திரிச்சு வெளிய வாங்க" என்றேன்.

"எத்தனை தடவைண்ணே? காலையில இருந்து பாதி கூலி போச்சு" என்றாள் ஒருத்தி.

அதற்குள் போர்மேன் வந்துவிட்டார்.

"கேட்டை விட்டுட்டு இங்கன என்னய்யா? இடி வருதா?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு ஆளை எழுப்புறீரு?"

"வராதுன்னும் தெரியாது."

"இது ஒரு பதிலா? லோடு நின்னா முதலாளிக்கு நீரு சொல்லுவீரா?"

"சொல்றேன்."

வாசலில் நின்றேன். போய்விட்டால் மறுபடி வர மாட்டேன் என்று பட்டது. அதனால் நின்றேன்.

மூலையில் இருந்த ஒரு பெண் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். வயதில் மூத்தவள் இல்லை. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட இருக்காது.

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுறவங்க பேச்சைத்தான் எந்நாளும் கேக்கோம். இந்த அண்ணன் தெரியாதுங்காரு. எனக்கு இதுதான் பயமா இருக்கு. வாங்கடி" என்று எழுந்தாள்.

மற்றவர்கள் முனகிக்கொண்டே எழுந்தார்கள். அவர்கள் போவதைப் பார்த்து அடுத்த அறை. அப்புறம் மேடை. அண்ணன் தம்பி கடைசியாக வந்தார்கள். போர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "மருந்து அறையைச் சாத்திட்டு வாரேன், போங்க" என்றார்.

ரோட்டோரக் கட்டிடத்தில் எல்லாரும் நின்றோம். வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. "அண்ணே, மழை வந்தா நல்லாத்தான் இருக்கும். குளிச்சு ரெண்டு நாளாச்சு" என்று ஒருத்தன் கேலி பேசினான். போர்மேன் வந்ததும் எண்ணிக்கொள்ளலாம் என்று நான் போய் மெயினை இறக்கிவிட்டு வந்தேன். பழக்கம். காற்று திரும்பியது. மண் வாசனை வந்தது.

பிறகு கண் முழுக்க வெள்ளை. சத்தம் அதோடு சேர்ந்தே வந்தது. அடுத்த சத்தம் இடி இல்லை. அது எங்களுக்குத் தெரியும். புகை எழுந்த இடத்தைப் பார்த்து எந்த அறை என்று தெரிந்துகொண்டோம். திரி அறை. கூரைத் தகடு பருத்திக் காட்டில் போய் விழுந்தது.

பெண்கள் அலறினார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினேன். குறைந்தது. போர்மேன் இல்லை.

உள்ளே போக அண்ணன் தம்பி இரண்டு பேரும் கிளம்பினார்கள். பிடித்து நிறுத்தினேன். அவர்கள் என்னைத் திட்டினார்கள். எனக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அப்போது கிழக்கு வேலி கருவேலத்துக்குள்ளிருந்து போர்மேன் வந்தார். சட்டை கிழிந்திருந்தது. கையெல்லாம் முள் கீறல். காது கேட்கவில்லை. என் அருகில் வந்து நின்று சத்தமாகக் கேட்டார்.

"எண்ணிட்டீரா?"

"இப்பத்தான் எண்ணணும்" என்றேன்.

மறுநாள் முதலாளியின் மகள் வந்தார். என் அறையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அன்றைய சேதி மதியமே வந்துவிட்டதாம். வரிசையில் நின்றதாம். அதற்கு முன்னால் இன்னும் சில பழைய சேதிகள் நின்றதாம். அதன் முறை வரவே இல்லை. அன்றைக்கு நாங்கள் கேட்டதெல்லாம் முந்தின ராத்திரிச் சங்கு. அவர் அழுதார். தன் தப்பு என்றார். நான் மெயினை இறக்காமல் இருந்திருந்தால் என்றேன். "அது சட்டம்ணே" என்றார். போர்மேன் தன் தப்பு என்றார். முதலாளி யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சேதியில் உள்ள நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அது ஊதுகிறது. பழையதைத் தள்ளிவிடுமாம். பட்டனுக்காகக் காத்திருப்பதில்லை.

சூலக்கரை ஆபீஸிலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். "எச்சரிக்கை கொடுத்தது மிஷினா, நீங்களா?" என்று கேட்டார். மிஷின் ஊதியது பழைய சங்கு. எனக்கு இடி வரும் என்று தெரியாது. "ரெண்டும் இல்லைங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். வரிசை இல்லாமல் இருந்திருந்தால் மதியமே சரியான சங்கு ஊதியிருக்கும். வரிசை நின்றதால் ஆட்கள் சங்கை மதிக்கவில்லை. அவர்கள் மதிக்காததால்தான் நான் கேட்டை விட்டு நடந்தேன். எதைக் குறை சொல்வது, எதைக் கும்பிடுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபடாதபோது அதைச் சொல்லிவிட்டு முதலில் ஆளை வெளியே கூப்பிட வேண்டும் என்பது மட்டும் மனதில் நிற்கிறது. அன்றைக்கு வேலிக்கு வெளியே நான் எண்ணிய தலைகள், போர்மேனையும் என்னையும் சேர்த்து, முப்பத்தேழு.