அந்தியேட்டிக்கு முன் எடுத்த அளவு

கணவர் சீவரத்தினம் இறந்த பதினோராம் நாளே குணேஸ்வரி வேலைக்கு வந்துவிட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்பது யாழ்ப்பாணத்து ஆட்களின் வழக்கம். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, கிளம்பிட்டா பாருலா" என்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். வந்த ஆத்திரத்துக்கு அவளை அறைந்திருப்பேன். நான் புஷ்பவல்லி, குணேஸ்வரி வேலை செய்த ஆய்வுக்கூடத்தின் டைப்பிஸ்ட்.

அது 1996. சிலிக்கன் தகடுகளில் சூடு எப்படிப் போகிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. சாதாரணச் சிலிக்கனில் சூடு மளமளவென்று ஓடும். அதையே அமிலத்தில் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டால், மிஞ்சும் சுவர்கள் முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியவை. சூடு முட்டி முட்டித் தடுமாறும். எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. அவளுக்கு வந்த எண், சாதாரணச் சிலிக்கனில் ஓடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

"இவ்வளவு கம்மியா? சூடு அளக்கிற கம்பி தகட்டுல சரியா ஒட்டியிருக்காது" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் கார்த்திகேசு.

மூன்று தரம் அளந்தாள். அதே எண். டாக்டர் பேனாவை மூடினார்.

"நீங்க இப்ப இங்க இருக்கவே கூடாது, குணேஸ்வரி. அந்தியேட்டி முடிச்சிட்டு வாங்க. ராதாகிருஷ்ணன் அளக்கட்டும்."

அந்த வெறும் வீட்டில் தனியாக இவள் என்ன செய்வாள்? அவளோ "சரி டாக்டர்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? எண்ணு சரின்னு சண்டை போடுங்கக்கா!" பஸ் ஸ்டாப் வரை திட்டிக்கொண்டே போனேன். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவளோடு வேலை செய்யும் ராதாகிருஷ்ணன் புதுத் தகடு அரித்து, புதுக் கம்பி ஒட்டி, ஒரு வாரம் அளந்தான். ஏறக்குறைய அதே எண்தான் வந்தது. டாக்டரின் முகம் சுண்டிப்போனது. நல்ல மனுஷன்தான். என்னையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனார்.

"உங்க அளவுதான் சரி. நாளைக்கே வாங்க" என்றார். "அப்பவே ஏன் அடிச்சுச் சொல்லல?"

குணேஸ்வரி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அவரோட பெட்டிய மூடும்போதுகூட எனக்கு அழுகை வரல டாக்டர். இன்னைக்கு வரைக்கும் மனசுல ஒண்ணுமே தெரியல. இப்படி இருக்கிறவ அளந்தது சரியா இருக்கும்னு நானே நம்பல."