பின்வரிசைக்கு விழாத மாலை

கித்தார்காரனின் தொழிலில் முதல் பாடம், பாடகியின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பழகுவது. ரங்கூனில் முப்பத்தெட்டு வருடமாக ப்ளூஸ் என்ற அமெரிக்கச் சோக இசையை வாசிக்கிறேன். அந்தப் பாடத்தில் தேறிவிட்டேன். பின்வரிசைத் தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதுச் சட்டம்

போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே ஓர் உணவு விடுதியில் சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை வாசிக்கிறேன். பாட்டுப் பிடித்தவர்கள் கல்லாவில் காகிதப்பூ மாலை ஒன்றை வாங்கி வந்து பாடகியின் கழுத்தில் போடுவது இந்த ஊர் வழக்கம். பாட்டு முடிந்ததும் மாலை கல்லாவுக்குத் திரும்பும், அடுத்தவர் வாங்குவார்.

முதலாளி கோ மின், எல்லோரையும் போல என்னை ஊலே, அதாவது மாமா, என்று அழைப்பவர். ஒருநாள் வாத்தியக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் கழுத்தில் ஒரு மாலையாவது விழாதவரின் நாற்காலி எடுக்கப்படும், அங்கே எல்லா வாத்தியமும் தானாகவே வாசிக்கும் கீபோர்டு வரும் என்றார். பின்வரிசைக்கு யார் மாலை போடுவார்கள் என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் பார்க்கணும், ஊலே."

யார் பாட்டு?

என் பாணி மெதுவானது. ஒரு சுரத்தைத் தொட்டு, கம்பியை விரலால் மேலே தள்ளி, அது அழும்வரை பிடித்திருப்பேன். பிறகு சும்மா இருப்பேன். அப்படிச் சும்மா இருப்பதும் வாசிப்புதான்.

மறுநாள் பழைய அமெரிக்க மெட்டு ஒன்றை அப்படி வாசித்தேன். யாரோ அதற்கு எப்போதோ பர்மியச் சொற்கள் போட்டு, காதல் பாட்டாக்கி ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். நான் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

"மெட்டு சரிதான் ஊலே, ஆனா எங்க பர்மாப் பாட்டை ஏன் இப்படி நொண்ட விடுறீங்க?"

மின்சாரம் போனபோது

இன்னொரு நாள் ஆறரை மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் கிளம்ப மறுத்தது. மைக் இல்லாததால் பாடகி மா சூ பாடாமல் நின்றாள். நான் ஒலிபெருக்கி இல்லாமல், கித்தார் மேல் குனிந்து வாசித்தேன். ஒவ்வொரு மேசையாகக் கரண்டிச் சத்தம் நின்றது. என் ஆயுளில் அவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை.

விளக்கு வந்தது. முன்மேசை அம்மாள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் மாலையோடு மேடையேறினார். நேராக மா சூவின் கழுத்தில் போட்டார்.

"பாவம், இருட்டுல வாயே திறக்க முடியாம நின்னுச்சு இந்தப் பொண்ணு."

கடைசி நாள்

பாஸ் கித்தார் வாசிக்கும் செல்வம், தன் மச்சானை அனுப்பி எனக்கு மாலை போடச் சொல்வதாகச் சொன்னான். அது ஏமாற்று வேலை என்று மறுத்துவிட்டேன்.

மாதத்தின் கடைசி நாள், மணி ஏழரை. ஒரு மாலையும் இல்லை. வேகமான ஆட்டப்பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து முன்னால் போனேன். கித்தாரைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்து, கம்பிகளைப் பார்க்காமல் வாசித்தபடி அறுபத்து மூன்று வயது இடுப்பை ஆட்டினேன். அதைச் செய்தவர்களையெல்லாம் சர்க்கஸ்காரர்கள் என்று கேலி செய்தவன் நான். பாதிச் சுரங்கள் தப்பாக விழுந்தன. ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து மாலைகள் வந்தன. கோ மின்னும் கைதட்டினார்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த செல்வத்திடம், எப்படி இருந்தது என்று கேட்டேன். அவன் நிமிரவில்லை.

"நாற்காலி தப்பிச்சுதுண்ணே. நாளைக்கு நீங்க வருவீங்களா, இல்ல இந்த ஆளேதான் வருவாரா?"

தினமும் ஐந்து மணிக்கு அந்த ஆள்தான் வேலைக்குப் போய் வருகிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.