வெந்நீர்க் குழாய்

தேவானை கருவாட்டைத் தொட்டு முப்பத்தொரு வருஷமாகிறது. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது லேசான காரியமா? பிள்ளை பெற்ற பத்தாம் நாள், நாக்கு கேட்காமல் ஒரு வாய் நெத்திலிக் கருவாடு தின்றாள். அடுத்த வாரமே கைக்குழந்தை ஷீலாவுக்குக் கையெல்லாம் தோல் வெந்து உரிந்தது. "பச்ச உடம்போட கருவாடு துன்னியே, உன் நாக்குதான் புள்ளையக் கெடுத்துச்சு" என்றாள் மாமியார். தெருவே அதைச் சொன்னது. தேவானையும் நம்பினாள்.

தழும்பு போகவில்லை. ஷீலாவுக்குச் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் கையைப் பார்த்ததும் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தக் காலத்தில் அவர்கள் குடிசைக்குப் பின்னால் ஒரு சாய ஆலை இருந்தது. அதன் மதில் வழியாக ஒரு குழாயில் சுடச்சுடத் தண்ணீர் கொட்டும். மண்ணெண்ணெய் மிச்சம் என்று தெருப் பெண்கள் பிள்ளைகளை அங்கேதான் குளிப்பாட்டுவார்கள். தேவானையும் அப்படித்தான். பெரியவர்களுக்கு லேசாக அரிக்கும். ஆற்றுக் கொசு என்று சொறிந்துகொள்வார்கள்.

ஆலையை மூடினார்கள். குடிசைக்காரர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் விட்டார்கள். இப்போது அந்த மதிலில் அருவி விட்டு, பூங்கா கட்டி, காபிக்கடையும் வைத்துவிட்டார்கள். தரமணி ஆபீசில் துப்புரவு வேலை பார்க்கும் ஷீலா அதைப் போனில் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துப் போனாள்.

"நம்ம வெந்நீர்க் குழாய்க்கு வந்த வாழ்வப் பாரேன்" என்று தேவானை சிரித்தாள். செல்பி எடுக்கும் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு மதிலுக்கு உள்பக்கம் போனாள். முப்பது வருஷம் அந்த மதிலோடு வாழ்ந்தவள், உள்பக்கத்தைப் பார்ப்பது அன்றுதான்.

பழைய படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒன்றில் தொழிலாளர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்சும் கையுறையுமாக அதே குழாயருகில் நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு பலகை. தேவானை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'சாயக் கழிவு நீர். உடலில் படக் கூடாது. தோல் வெந்துவிடும்.' படத்தின் கீழே 1994 என்று இருந்தது. ஷீலா பிறந்த வருஷம்.

தேவானை மதிலின் வெளிப்பக்கம் என்ன எழுதியிருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். தேர்தல் சின்னம்தான் இருந்தது. வேறொன்றும் கிடையாது. உள்ளே பூட்ஸ் போட்டவனுக்குப் பலகை மாட்டத் தெரிந்த பாவிகளுக்கு, வெளியே பச்சைக் குழந்தை இருப்பது தெரியாதா?

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றபடி வந்த ஷீலாவும் பலகையைப் படித்தாள்.

தேவானை அத்தனை பேர் நடுவில் மகளின் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டாள். ஷீலா தடுக்கவில்லை. தேவானை அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றாள்.

"மார்க்கெட் பக்கமா போலாம் வா" என்றாள் கடைசியில். "நெத்திலிக் கருவாடு வாங்கணும்."