மட்டைக்கு எத்தனை கட்டை?

ஆம்பூர்க் கடைத்தெருவில் ஹார்மோனியம் பழுது பார்த்துக்கொண்டு, ஊடே பாட்மிண்டன் மட்டைக்கு ஆட்டுக்குடல் நரம்பும் கட்டிக் கொடுக்கிறவன் என்ற முறையில், ஓர் உண்மையை உலகத்துக்கு அறிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நரம்பை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு தூரம் பந்து போகும் என்று வேலூர் முதல் ஜோலார்பேட்டை வரை கற்றவரும் கல்லாதவரும் ஒருமனதாக நம்பி வருகிறார்கள். அது பிழை. சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்ற பிழையால் எவருக்கும் முழங்கை வீங்கியதில்லை. இந்தப் பிழையால் வீங்குகிறது. தளர்ந்த நரம்பு பந்தைக் கவண்போல ஏந்தி எறியும். இறுகிய நரம்பு சுவர்போல நின்று திருப்பி அனுப்பும். எனவே கைவலு குறைந்தவருக்குத் தளர்வும், வலு இருந்து குறி வேண்டுகிறவருக்கு இறுக்கமும் பொருந்தும்.

மட்டை பிடித்துத் தோள் நொந்த அன்பர்களே, இதை நான் சொல்லாத ஆள் இல்லை. கேட்ட ஆளும் இல்லை. இறுக்கத்தை அளக்க என்னிடம் கருவி கிடையாது, ஹார்மோனியம் உண்டு. கட்டிய நரம்பைச் சுண்டி, அந்த ஒலியை ஹார்மோனியத்தின் மேல் ஸ்தாயியோடு சேர்த்துப் பார்ப்பேன். பாடுகிறவர்களின் சுருதியைச் சொல்வது போலவே மட்டைக்கும் மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று சொல்வேன். கட்டை ஏறினால் இறுக்கம் ஏறும். இவ்வளவுதான் சாஸ்திரம். இதனால் நான் பட்டவை கீழே.

வக்கீலின் சுருதி

வேலூரிலிருந்து ஒரு வக்கீல் வருவார். மாலையில் கிளப்பில் பாட்மிண்டன், அதற்குப் பிறகு வீட்டில் சங்கீதம். அவருடைய கைக்கு மூன்றரைக் கட்டை சரியாக இருக்கும் என்று சொன்னேன். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, “என் குரல் ஒன்றரைக் கட்டை ஓய். முப்பது வருஷமா அதுலதான் பாடறேன். கையில பிடிக்கற வஸ்து வேற சுருதியில இருந்தா மனசு ஒட்டுமா?” என்று கேட்டார். மட்டை பாடப் போவதில்லை என்று விளக்கினேன். கேஸ் நடத்துகிறவரிடம் விளக்குவதில் என்ன பயன்? ஒன்றரைக் கட்டையில் கட்டிக் கொடுத்தேன். அதற்கு மேல் தளர்த்தினால் மீன் பிடிக்கலாம்.

அடுத்த வாரம் நானே கிளப்புக்குப் போயிருந்தேன். அவர் அடித்த பந்துகளில் பாதி மதில் தாண்டிப் போய் விழுந்தன. எதிராளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் ஜெயித்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் வருத்தமே இல்லை.

“தோத்தது தோத்தேன் ஓய், சுருதி விலகலையே!”

பெருவிரல்

யூசுப் சாயபு தோல் மண்டி முதலாளி. தோல் உலர்த்தும் மைதானத்தை ஒட்டித் தம் சிப்பந்திகளுக்காக ஒரு கோர்ட்டே போட்டுக் கொடுத்தவர். அவருக்கு ஹார்மோனியத்தில் நம்பிக்கை இல்லை. பதனிட்ட தோலின் முதுகுப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தியே தரம் சொல்லிவிடுவார். அதே விரலைத்தான் மட்டையிலும் வைப்பார். “கம்மியா இருக்கு மேஸ்திரி. இன்னும் கொஞ்சம்.” இறுக்குவேன். “ஊஹூம். இன்னும்.” மறுபடியும் இறுக்குவேன். மட்டையின் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவத்தை விட்டுப் பூசணி விதை வடிவத்துக்கு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை மண்டிக் கோர்ட்டின் ஐந்து மட்டைகளையும் இப்படியே தேர்ச்சி பெறச் செய்தார். நான்கு மட்டை கோணலோடு தப்பின. ஐந்தாவது, அவர் பெருவிரலுக்கடியிலேயே படீரென்று பிளந்தது. அவர் பிளந்த மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்:

“கட்டை நோஞ்சான்யா. நரம்புல ஒரு குத்தமும் இல்லே.”

ஒடுகத்தூர் நிபந்தனை

சாயபுவின் மண்டியில் எதிராஜ் என்று ஒரு குமாஸ்தா. சுண்ணாம்புத் தொட்டிகளில் ஊறுகிற தோல்களைத் தூக்கிப் பார்த்து எண்ணி எழுதுவது அவன் வேலை. தொட்டி விளிம்பு வழுக்கும். இரண்டு தரம் உள்ளே விழுந்து, முழங்கால்வரை தோல் வெந்து, மாதக்கணக்கில் படுத்தான். இரண்டாவது தரம் அவன் எழுந்து நடந்ததும் அவன் மனைவி சரோஜா ஒடுகத்தூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு அல்ல, நிபந்தனையோடு. “வேற வேலையில சேர்ந்துட்டு வந்து கூப்பிடு, அன்னைக்கே வர்றேன். மூணாவது தரம் நான் பாக்க மாட்டேன்.”

ஜோலார்பேட்டையில் யார்டு மாஸ்டர் ஒருவர் இருந்தார். ரயில்வேயில் வேலை கேட்டு எதிராஜ் அவரிடம் மனுவோடு போனான். அவர் மனுவைப் படிக்கவில்லை. ஆம்பூரில் இவன் நன்றாக ஆடுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தார். “வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கோர்ட்டுக்கு வா. ஒண்டிக்கு ஒண்டி. என்னை ஜெயிச்சுட்டா சிபாரிசு எழுதறேன். நம்பர் டேக்கர் வேலை காலியா இருக்கு” என்றார். வண்டிகளின் நம்பரை எழுதிக்கொண்டே யார்டைச் சுற்றி வருகிற வேலை. சுற்றிலும் கெட்டித் தரை.

எதிராஜ் நேரே என் கடைக்கு வந்தான். நான் அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஈரத்தோல் தூக்கிய கை. வலுவுக்குக் குறைவில்லை, குறிதான் வேண்டும். ஐந்து கட்டை போதும், அதற்கு மேல் போனால் மணிக்கட்டு தாங்காது என்று காரண காரியங்களோடு கால் மணி நேரம் எடுத்துரைத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“ஆறா வெச்சுடுங்கண்ணா. வேலை பெரிசாச்சே.”

மூன்று வேளைப் பூச்சு

ஐந்து கட்டையில்தான் கட்டினேன். ஆறு என்று சொல்லிக் கொடுத்தேன். நான் கட்டியவற்றில் அதுவே சிறந்தது என்று இன்றும் சொல்வேன். எதிராஜ் அதைக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டி, விஷயத்தையும் சொல்லியிருக்கிறான். குமாஸ்தா கைவிட்டுப் போகிறானே என்று சாயபு வருந்தவில்லை. “போறியா, போ. ஜெயிச்சுட்டுப் போ. தோத்துட்டு வந்து என் மூஞ்சியில முழிக்காதே” என்று ஆசீர்வதித்தார். பிறகு பழக்கதோஷத்தால் நரம்பை முகர்ந்து பார்த்தார்.

சனிக்கிழமை மாலை இருவரும் ஜட்காவில் என் கடைக்கு வந்தார்கள். மட்டையின் நரம்பு முழுவதும் செருப்புத் தோல் நிறம். ஆவாரம்பட்டைச் சாறு ஒரு வேளை, கடுக்காய்த் தண்ணீர் ஒரு வேளை, கடைசியாகப் புங்க எண்ணெய் ஒரு வேளை என்று முறைப்படி பதனிட்டிருந்தார்கள். சுண்டிப் பார்த்தேன். ஈரச் சாக்கைத் தட்டியது போல ‘தொப்’ என்றது. அந்த ஒலிக்கு ஹார்மோனியத்தில் கட்டையே இல்லை. கையிருப்பில் புது நரம்பும் இல்லை; மதராசிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். வேறு மட்டை என்றால் மண்டியில் பெருவிரல் பட்டவைதாம்.

எதிராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு, “சாயபு, இது நரம்பு. தோல் இல்லையே!” என்றேன்.

“ஆட்டுக்குள்ளேதானே இருந்துது?” என்றார் அவர். “பதனிடாம விட்டா மழைக்கு அழுகிப்பூடும் மேஸ்திரி. பச்சைச் சரக்கு ஒண்ணுகூட என் கேட்டைத் தாண்டி வெளியூர் போனதில்லே. இந்தப் புள்ளை விஷயத்துலயா நான் ஏமாத்துவேன்?”

கெட்டித் தரை

ஞாயிற்றுக்கிழமை எதிராஜுக்குத் துணையாக நானும் சாயபுவும் போயிருந்தோம். ஜோலார்பேட்டைக் கோர்ட்டில் யார்டு மாஸ்டர் கடைசிக் கோட்டருகே நின்றுகொண்டார். ஆம்பூர் ஆள் வேகமாக அடிப்பான் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எதிராஜ் தன் முழு வலுவோடும் அடித்தான். நம் ஊர்ப் பாட்மிண்டன் பந்து மஞ்சள் கம்பளி உருண்டை. அது எண்ணெய் நரம்பில் பட்டு, யோசித்து, வலையைத் தாண்டியதும் செத்து விழுந்தது. யார்டு மாஸ்டர் ஓடிவந்து சேர்வதற்குள் அது உருண்டுகூட ஓய்ந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. அவர் வலையருகே வந்து நின்றதும் எதிராஜ் தலைக்குமேல் தூக்கியடித்தான். கவண், சுவர் என்ற என் இரண்டு வகைக்குள்ளும் அடங்காத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். வெளியே சொல்லவில்லை.

முதல் ஆட்டம் எதிராஜுக்கு. இரண்டாவது யார்டு மாஸ்டருக்கு. மூன்றாவதில் பந்து எண்ணெய் குடித்துப் பழுப்பாகிக் கனத்துவிட்டது. யார்டு மாஸ்டர் அதை எடுத்து மோந்து, “இன்னாய்யா இது, பந்து பிசுபிசுங்குது?” என்று சத்தம் போட்டார். மட்டை கட்டியவன் என்ற முறையில் நடுவர் என் பக்கம் திரும்பினார். விதிகளில் எண்ணெயைப் பற்றி ஒரு வரியும் கிடையாது என்று எழுந்து நின்று அறிவித்தேன். புதுப் பந்து போட்டார்கள்; நாலே அடியில் அதுவும் பழுத்தது. சாயபு வேலிக்கு வெளியே பெருவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றார். கடைசிப் பந்து வலையின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்று, மனம் வந்து எதிராளி பக்கம் விழுந்தது.

யார்டு மாஸ்டர் வாக்குத் தவறாதவர். அங்கேயே பலகையில் காகிதத்தை வைத்துச் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதிராஜ் அதை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே சரோஜாவிடம் சேதி சொல்ல ஒடுகத்தூருக்குப் புறப்பட்டான். அவன் போன பிறகு யார்டு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, மெதுவான குரலில் சொன்னார்:

“வேலைக்கு வரட்டும். ஆனா இந்த ஆளோட மறுபடி ஆடறதுக்கு எனக்கு உடம்புல தெம்பு இல்லே சார்.”

ஆக, மட்டைக்குச் சரியான இறுக்கம் எது என்பதை அனுபவஸ்தனும் இப்போது சரோஜாவோடு ஜோலார்பேட்டையில் குடியிருப்பவனுமான எதிராஜிடமே கேட்டு முடிவு செய்யலாம் என்று நானும் பார்க்கிறேன், ஆனால் யார்டு மாஸ்டர் தம் கையாலேயே எழுதும் டூட்டிப் பட்டியலில் அவனுக்கு, கோர்ட்டில் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை விழுந்துவிடுகிறது.