சத்தம் போட்டால்தான் முகம் தெரியும்

பொதுக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பதென்றால், இரண்டு தரப்பின் திட்டையும் வாங்கி இரண்டையும் மரியாதையாகத் திருப்பிச் சொல்வது என்று அர்த்தம். ஊர் திருச்சி. அலுவலகத்தின் பெயர் வேண்டாம், என் ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. சாலை, சாக்கடை, பார்க்கிங் எதுவானாலும் மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகுதான் செய்ய வேண்டும் என்று விதி. வர முடியாதவர்கள் வீடியோவில் கலந்துகொள்ளலாம் என்று ஆனதும் லேப்டாப்பும் என் தலையில் விழுந்தது, கூட்டக் குறிப்பு எழுதுவதும் சேர்ந்துகொண்டது. "கேக்குதா, நான் பேசுறது கேக்குதா" என்றே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் உங்களில் இருந்தால், இனி வருவதை விளக்க வேண்டியதில்லை.

லால்குடி ஆங்கிலம்

ஸ்ரீரங்கத்தில் பார்க்கிங் பற்றிய கூட்டம். திட்டம் போட்ட ஆலோசகர் ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசினார், நான் தமிழாக்கினேன். உத்தர வீதிக்காரர் ஒருவர் எழுந்து, பெருமாள் புறப்பாட்டன்று இந்தக் கார்களையெல்லாம் யார் தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டார். சபை சிரித்தது. ஆலோசகரும் சிரித்தார், நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே. உடனே ஒன்றும் புரியாதவர்போல முகத்தை மாற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

டீ குடிக்கும்போது அவருக்கு எந்த ஊர் என்று விசாரித்தேன். லால்குடியாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியமாம். அப்புறம் நான் எதற்கு என்று கேட்டேன். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சொன்னார்: "நேரா தமிழ்ல பேசினா உடனே பதில் சொல்லியாகணும் சார். நீங்க நடுவுல இருந்தா யோசிக்க ரெண்டு நிமிஷம் கிடைக்குது."

ரோஜாப்பூவும் ஜாதகமும்

வீடியோவில் வருபவர்கள் கருத்தை எழுதியும் அனுப்பலாம் என்று ஆரம்பத்தில் வசதி இருந்தது. அனுப்பினார்கள். பத்துப் பேர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். ஒருவர் மாடிப் போர்ஷன் வாடகைக்கு இருக்கிறது என்றார். இன்னொருவர் மகளுக்கு வரன் தேடி நட்சத்திரம் முதற்கொண்டு போட்டிருந்தார். சாக்கடைத் திட்டம் பேசி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு ஜாதகம் வந்து சேர்ந்தது.

கூட்டங்களை நடத்தும் அதிகாரி அம்மாள் நேர்மையானவர், விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். எழுதும் வசதியை மூடச் சொல்லிவிட்டார். ஒருவர் முகத்தைத் திரையில் நிறுத்தி வைக்கும் வசதியும் அதிகாரிகள் பேசும்போது மட்டும்தான். மற்றவர்களைப் பொறுத்தவரை யாரிடமிருந்து சத்தம் வருகிறதோ அவர் முகம் தானாகத் திரைக்கு வரும். அது போதும் என்று அம்மாள் முடித்துவிட்டார்: "கருத்து இருக்கறவங்க வாயைத் திறந்து சொல்லட்டும். இந்த எழுதுற வேலையெல்லாம் இனிமே வேணாம்."

போனில் மட்டும்

அடுத்தது காட்டூர் சிக்னல். அதை எடுத்துவிட்டால் தஞ்சாவூர் சாலையில் வண்டிகள் நிற்காமல் போகும் என்று அதே லால்குடி ஆலோசகர் திட்டம் எழுதியிருந்தார். நடந்து கடப்பவர்கள் என்ன செய்வார்கள்? வண்டிகள் ஹாரன் அடிக்கும், கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள் என்று அதிலேயே பதிலும் இருந்தது. அறிவிப்பைப் படித்துவிட்டு மேரி என்ற பள்ளி ஆசிரியை அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய அக்கா ஸ்டெல்லாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. வீடு சாலைக்கு இந்தப் பக்கம், தையல் கடை அந்தப் பக்கம். இருபது வருடமாகச் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் கடக்கிறார். விளக்கு போனால் ஒன்று கடையை விட வேண்டும், இல்லை தினமும் இரண்டு வேளை உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் தருவதற்கு எங்களிடம் விதி இருக்கிறது. நல்ல விதி. விண்ணப்பதாரர் ஏழு நாள் முன்னதாகப் போன் செய்து, தானே பேசிப் பதிவு செய்ய வேண்டும். மேரி எழுதிக் கொண்டுவந்த மனுவைக் கிளார்க் தொடவே இல்லை. அக்கா சார்பாகத் தங்கை பேசலாமா என்றால் அதற்கும் இடமில்லை. நான் குறுக்கே புகுந்து விளக்கிப் பார்த்தேன். கிளார்க் கெட்ட மனிதர் இல்லை, உண்மையிலேயே உதவும் எண்ணத்தோடுதான் சொன்னார்: "அவங்களையே ஒரு போன் பண்ணச் சொல்லுங்க சார். ஒரு நிமிஷம் பேசினாப் போதும்."

கருத்து எதுவும் இல்லை

கூட்டம் வேலை நாளில், பகல் பதினோரு மணிக்கு. மேரி வகுப்பில் இருந்தார். ஸ்டெல்லா கடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டே வீடியோவில் கலந்துகொண்டார். மிஷின் சத்தம் கேட்டதும் திரை முழுக்க அவர் முகம் வந்துவிட்டது. அம்மாள் மியூட் செய்யச் சொன்னார், செய்தேன். முகம் போய்விட்டது. அவர் முறை வந்தபோது சத்தத்தைத் திறந்து வைத்து, காது கேட்காதவரின் பெயரை மைக்கில் மூன்று முறை கூப்பிட்டேன். வேறு யாரோ இருமினார்கள், இருமியவர் முகம் வந்தது. பேசாதவருக்குக் கருத்து இல்லை என்பது விதி, அப்படியே குறிப்பில் எழுதினேன். வந்திருந்த மற்ற எல்லோரும் சிக்னல் வேண்டாம் என்றார்கள். வாசலில் அவர்களுடைய கார்கள் நின்றிருந்தன.

வீடியோவில் கலந்துகொண்டாலும் குறிப்பில் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்துக்கொண்டு காட்டூர் போனேன். ஸ்டெல்லா தமிழ் நன்றாகப் படிப்பார். தன் பெயருக்கு எதிரே இருந்த வரியைப் படித்துவிட்டு, மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து விரித்தார். துணிக்கு அடையாளம் போடும் சாக்பீஸால் அதில் எழுதியிருந்தது: 'சிவப்பு விளக்கை எடுக்காதீங்க. எனக்கு ஹாரன் கேக்காது.' நான் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அதைத்தான் போனுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தம் வந்தால்தான் முகம் வரும் என்று ஒரு தாளில் எழுதி விளக்கினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு குறிப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, அதே தாளில் கீழே எழுதினார்: "கையெழுத்து போட மாட்டேன். மறுபடி கூட்டம் போடுங்க."

பெடல்

ஒரு கையெழுத்து குறைந்தாலும் குறிப்பு செல்லாது. அதுவும் எங்கள் விதிதான், அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. இடையில் அம்மாளிடம் துணியைப் பற்றிச் சொன்னேன். கூட்டத்தில் வராததை எழுத முடியாது என்றார். விதிப்படி அதுவும் சரி.

இரண்டாவது கூட்டத்தில் ஆலோசகர் பேசிக்கொண்டிருந்தபோது தடதடவென்று ஹாலே அதிர்ந்தது. திரை முழுக்க ஸ்டெல்லா. ஊசியின் கீழே துணி இல்லை. கால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது, இரண்டு கையும் அந்தக் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தன. அம்மாள் மியூட் என்றார். பழக்கதோஷம், என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது என்பதும் ஞாபகம் வந்தது. மியூட் செய்தால் அவர் மறைந்துவிடுவார் என்று சொன்னேன். இத்தனை வருடத்தில், அடுத்தவர் பேச்சாக இல்லாமல் நானாகக் கூட்டத்தில் சொன்ன முதல் வாக்கியம் அது. துணியில் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன்.

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு தடவை படித்தார். இவர் எப்படிக் கடப்பார் என்று ஆலோசகரைக் கேட்டார். ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், தெரியவில்லை மேடம் என்று தமிழிலேயே சொன்னார். சிக்னல் இருக்கட்டும், திட்டத்தை மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அம்மாள் முடிவு சொல்ல, நான் குறிப்பில் ஏற்றினேன். பேசி முடிக்கவும் எழுதி முடிக்கவும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மிஷின் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. முடிவு சொன்னது அவருக்கு எப்படிக் கேட்கும், எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது, கழுத்தெல்லாம் வியர்த்து, துணியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்: "எழுதிட்டீங்களா? எழுதிட்டா சொல்லுங்க, கால் வலிக்குது."

எங்கள் விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பொதுக் கூட்டத்தில் பேச எல்லோருக்கும் சமமான உரிமை உண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதற்காக யார் எவ்வளவு நேரம் மிதிக்க வேண்டும் என்பதை மட்டும் போட மறந்துவிட்டார்கள்.