பெரியப்பாவின் தொண்டை

காலம் கெட்டுக் கிடக்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் பெரியப்பா போட்ட சட்டம். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மைசூரில் அரிசி ரேஷன், சர்க்கரை ரேஷன், மண்ணெண்ணெய்க்கு வரிசை. பல வாரம் அரிசிக்குப் பதில் சோளம் போடுவார்கள், அதிலும் பாதி வண்டு. வடக்கே வெட்டு குத்து என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாம் நிஜம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரியப்பாவுக்கு அது கஷ்டம் இல்லை, சௌகரியம். வீட்டில் யாராவது பூ கேட்டால், ஒரு பாட்டை முணுமுணுத்தால், "நாடு கெடக்குற கெடப்புல உனக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா?" என்பார். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குச் சீட்டாடப் போய்விடுவார். நாடு கெட்டுப்போனது அவர் சீட்டுக்கட்டுக்கு மட்டும் தெரியவே தெரியாது.

அம்மாவும் நானும் அந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். ஒண்டிக்கொண்டிருந்தோம் என்பது பெரியப்பாவின் வார்த்தை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா டைபாய்டில் போய்விட்டார். அம்மா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிவதற்கு முன்னால் எழுந்து வீட்டில் அத்தனை பேருக்கும் காப்பி போட்டு, சமைத்து மூடிவைத்துவிட்டு டியூட்டிக்குப் போவாள். சம்பளத்தை அப்படியே பெரியம்மா கையில் கொடுப்பாள். சொந்தத்தில் யாருக்குக் கட்டி வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், ராஜா வீட்டு வைத்தியரைக் கூப்பிடுவதுபோல் அவளைக் கூப்பிடுவார்கள். ராஜா வீட்டு வைத்தியருக்குக் கிடைக்கும் மரியாதை மட்டும் கிடைக்காது. நர்ஸுக்கும் வெள்ளைச் சேலை, விதவைக்கும் வெள்ளைச் சேலை என்பதால் அவள் வேறு நிறம் உடுத்தி நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா குடும்பம்தான் அவள்மேல் ஒண்டிக்கொண்டிருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன், யார் கேட்டாலும் சொல்வேன்.

வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் அம்மாவை ஹனூர் பக்கம் ஒரு கிராமத்து மருந்துச்சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே கன்னியாஸ்திரீகள் வீட்டில் தங்கி வெள்ளிக்கிழமை திரும்புவாள். அப்போது கொள்ளேகாலம், ஹனூர் எல்லாம் மதராஸ் மாகாணம். நடுவில் சாவடி. அரிசி கடத்துகிறார்களா என்று போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு மூட்டையாக அவிழ்க்கச் சொல்வார். கிழவிகள் அவரைக் கன்னடத்தில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் திட்டுவார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ் கரியில் ஓடியது. பின்னால் ஒரு பெரிய இரும்பு டிரம். அதில் கரியை எரித்து, வருகிற கேஸில் வண்டி நகரும். மேட்டைக் கண்டால் நின்றுவிடும், எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். பெரியப்பா ஒரே ஒரு தடவை அதில் போய்விட்டு வந்து, "அது பஸ் இல்ல, தண்டனை" என்றார். அம்மா புதன்கிழமை மத்தியானமே பையை எடுத்துவைத்துவிடுவாள்.

தண்டனைக்கு ஒருத்தி இப்படி ஆசையாகக் கிளம்புவாளா என்று எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போனேன். ஹைஸ்கூலில் கடைசி வருஷம் அப்போது எனக்கு.

பஸ் டிரைவர் ஹனூர் பக்கத்துத் தமிழர், எங்களைப் போல வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், மனைவியை இழந்தவர். நாற்பது வயது இருக்கும். கை இரண்டும் கரி, சட்டைக் காலர் மட்டும் துவைத்துத் துவைத்து வெளுத்திருக்கும். டி.நரசீபுரம் தாண்டி ஒரு மேட்டில் வண்டி முனகிக்கொண்டு நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க நர்ஸம்மா, நீங்க ஒக்காந்திருந்தா வண்டி நவுருமுங்களா? எறங்கித் தள்ளுங்க" என்றார்.

எனக்குப் பக்கென்றது. ஆனால் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள், தள்ளினாள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியதும் ஓடிவந்து தொற்றி ஏறினாள். மூச்சு இரைக்க இரைக்க, வாய்விட்டுச் சிரித்தாள். என் அம்மாவுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கன்னத்தில் கரி, சேலையெல்லாம் கரி. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "இப்பத்தானுங்க நீங்களும் இந்த வண்டிக்குச் சொந்தக்காரரு" என்றார்.

அன்று சாயங்காலம் ஹனூரில் டூரிங் கொட்டகைக்குப் போனோம். மணலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் தட்டி. படம் படு குப்பை. கத்திக்குத்து வாங்கிய கதாநாயகன் ஒரு முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் செத்தான். பிலிம் வேறு அடிக்கடி அறுந்தது. அம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அவன் செத்ததற்கு அழுதாள், கோமாளி வந்ததும் சிரித்தாள். இடைவேளையில் தட்டிக்கு மேலே ஒரு கரிக்கை நீண்டு வந்தது, அதில் வறுத்த கடலைப் பொட்டலம். அம்மா யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். ஓஹோ, கதை இதுதானா என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடலையும் நன்றாக இருந்தது.

ஊர் திரும்பியதும் பெரியம்மா சேலையைத்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ பேடப்பா, வேண்டவே வேண்டாம், இது என்ன கோலம்! புருஷன் இல்லாதவ தெருவுல பஸ்ஸத் தள்ளிட்டு வர்றாளே" என்று தலையில் கை வைத்தாள். பெரியம்மாவுக்கு அழுகை குழாயில் வரும் தண்ணீர் மாதிரி, திறந்தால் போதும்.

சில மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், பெரியப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "மாமா, அந்த பஸ் டிரைவரை நான் கட்டிக்கப் போறேன். சாமிகிட்ட சொல்லியாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க."

பெரியப்பா இலையைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். அதைக் குடித்து, கை கழுவி, வாய் கொப்பளித்து, ஏப்பம் விட்ட பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "பந்தி போடக் கூடாதுன்னு சர்க்காரே உத்தரவு போட்டிருக்கு, இவளுக்குக் கல்யாணம் கேக்குதா? அதுவும் ஒரு கரிவண்டிக்காரனோட!" கூடத்தில் நின்று கத்தினார். அவர் குரல் எப்போதும் வெண்கலம். அந்தக் குரலைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கர்வத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. சாமி, அதாவது எங்கள் பாதிரியார், மங்களூர்க்காரர், கன்னடத்திலும் இங்கிலீஷிலும் அவரே வாசித்துவிடுவார். பெண்ணும் மாப்பிள்ளையும் தமிழர் என்றால் தமிழிலும் வாசித்தால்தான் ஓலை, இல்லாவிட்டால் இல்லை என்பதில் கறார். தமிழில் வாசிப்பது பெரியப்பா. ஏனென்றால் அந்தக் கோயிலில் தமிழ் எழுத்துத் தெரிந்த ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் ஜெபம் செய்வார்கள், படித்ததெல்லாம் கன்னடம். பெண்பிள்ளை பீடத்தருகே நின்று வாசிப்பது அந்த நாளில் நினைக்கவே முடியாது.

முதல் இரண்டு ஞாயிறும் பெரியப்பா வாசித்தார், கஷாயம் குடிக்கிற முகத்தோடு. உறவுக்காரர்கள் வந்து புத்தி சொன்னால் அம்மா பின்வாங்கிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். வந்தார்கள், சொன்னார்கள், அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவள் பின்வாங்கவில்லை. மூன்றாவது ஞாயிறுதான் கடைசி. அடுத்த புதன்கிழமை விபூதிப் புதன், தவக்காலம் ஆரம்பம். தவக்காலத்தில் எங்களில் கல்யாணம் கிடையாது. அந்த ஞாயிறு தவறினால் பாஸ்கு, அதாவது ஈஸ்டர், கழியும்வரை காத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பெரியப்பா கழுத்தில் மப்ளர் ஏறியது. வெள்ளிக்கிழமை சைகையில் பேசினார். சனிக்கிழமை சுத்தமாகக் குரல் இல்லை. ஆனால் சீட்டாடப் போனார். அங்கே ஜெயித்தபோது அவர் போட்ட சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டதாக ஒருத்தி வந்து சொன்னாள். வெட்கம் கெட்ட மனுஷன்!

"நாப்பது நாள்தானேம்மா, ஓடிப்போயிடும்" என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். அம்மா சோளத்தில் வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓடாதுடி. அவர் கத்தினா நான் தாங்கிக்குவேன். உங்க பெரியம்மா தெனம் அழுவா. நான் கரைஞ்சிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா? அப்புறம் இந்த ஜென்மத்துல நான் அந்த பஸ்ல ஏற மாட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் வண்டை விட்டுவிட்டு நல்ல சோளத்தைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டையே கொளுத்திவிடலாமா என்று இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை. யாருக்கு ஓலை வாசிக்கிறார்களோ அந்தப் பெண் அந்தப் பூசைக்கு வரக் கூடாது, வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்களில் வழக்கம். முதல் இரண்டு வாரமும் அம்மா விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து சமைத்தாள். அன்று சமைக்கவில்லை. பெட்டியின் அடியிலிருந்து ஒரு நீலச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையையும் தூக்கிக்கொண்டு, பெரியப்பாவுக்குப் பின்னாலேயே நடந்தாள்.

கோயில் வாசலில் பெரியப்பா மப்ளரைத் தொட்டுக் காட்டி, சாமியிடம் காற்றாகப் பேசிக்கொண்டிருந்தார். சாமி பாவமாகத் தலையாட்டினார். டிரைவர் தள்ளி நின்றிருந்தார், காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டி சட்டையில். கூட்டம் வேடிக்கை பார்த்தது. அம்மா நேராகப் போய்ப் பையைத் திறந்தாள். அயோடின் போட்ட தொண்டை மருந்துப் பாட்டில், பஞ்சு சுற்றிய குச்சி.

"ஆ காட்டுங்க மாமா. தடவினா உடனே கேக்கும்."

பெரியப்பா பதறி, பூசையில் நன்மை அப்பம் வாங்க வேண்டும், நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை, உபவாசம் முறிந்துவிடும் என்று சாமியிடம் கிசுகிசுத்தார். விழுங்காமல் துப்பிவிட்டால் முறியாது என்று சாமி கன்னடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மா குச்சியை நனைத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"வேண்டாம்!" என்றார் பெரியப்பா.

வெண்கலக் குரல். மணிக்கூண்டுப் புறா பறந்தது. படியில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"பாருங்க சாமி, மருந்து வாசனைக்கே தொண்டை தொறந்துடுச்சு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் கேலியே இல்லை. பெரியப்பாவின் தாடையைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேருக்குச் செய்ததுபோல் வாயைத் திறக்கவைத்து, வலது பக்கம் ஒரு தடவு, இடது பக்கம் ஒரு தடவு. கூட நின்று நானும் எட்டிப் பார்த்தேன். தொண்டையில் ஒரு எழவும் இல்லை.

பிறகென்ன, வாசித்தார். தடை அறிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவும் என்ற இடத்தில் நிறுத்தி, ஒரு வரிசை விடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது எழுந்திருக்க மாட்டார்களா என்று அவ்வளவு ஏக்கம். ஒரு குழந்தை சிணுங்கியது, அவ்வளவுதான். வாசிக்கிறவரே தடை சொல்ல வழி இல்லை. அம்மா முதல் வரிசையில் நீலச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். பெரியப்பா உதட்டோரத்தில் பழுப்புக் கறையோடு எங்களை நோக்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் தயாரானேன். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு, வழக்கமாகக் கேட்கிற தோரணையிலேயே கேட்டார்: "எரியுது. நாளைக்குக் காலையிலயும் ஒருவாட்டி தடவிவிடுவியா?"

அம்மா பாட்டிலை இறுக்கி மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில எனக்குக் கல்யாணம், மாமா" என்றாள்.